வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

படுக்கையில் இருக்கும் என் அம்மாவை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் வேலை, இரவில் அம்மா. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். இப்போது முழங்காலில் நின்றால் இரண்டாவது வரியிலேயே தூங்கிவிடுகிறேன். வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவுக்காக ஜெபித்துவிட்டுப் போகும் என் அண்ணன், எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார். உபவாசம் இருந்தால் பழைய விசுவாசம் திரும்புமா? சபையை மாற்றிப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

சபையை மாற்றுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உபவாசம் வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நேரத்துக்குச் சாப்பிடுகிறவராகவே தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிடுவோம்.

உங்கள் அண்ணனை என்னால் விட முடியவில்லை. நானும் அப்படி ஓர் அண்ணனாக இருந்தவன்.

என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடமும் தங்கைதான் பார்த்தாள். நான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வருவேன், கட்டில் அருகே நின்று நீளமாக ஜெபிப்பேன், போய்விடுவேன். ஒருநாள் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். தங்கை கட்டில் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி மடித்த போர்வை. விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத் தட்டி எழுப்பினேன். எழுப்பி, ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்’ என்ற வசனத்தைச் சொல்லி, வருத்தத்தை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டால் இப்படிச் சோர்வு வராது என்று விளக்கமும் சொன்னேன். அவள் “சரி அண்ணா” என்றாள். மீதிப் போர்வையை மடித்து முடித்தாள்.

வருத்தம் என்றால் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றும் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், பிரசங்கத்தில்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. நம் பழைய தமிழில் வருத்தம் என்பது உடம்பு படுகிற பாடு. ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று குறளில் (619) வருகிறதே, அந்த வருத்தம். நான் தங்கையிடம் சொன்ன அந்த வசனத்தின் (மத்தேயு 11:28) கிரேக்க மூலத்திலும் உழைத்துக் களைத்துப்போவதைச் சொல்லும் வினைச்சொல்தான் இருக்கிறது. மனம் சோர்ந்தவர்களை இயேசு கூப்பிடவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வசனத்தில் முதலில் கூப்பிடப்படுகிறவர்கள் வேலை செய்து ஓய்ந்துபோனவர்கள். துணி அலசி விரல் வெளுத்துப்போனவர்கள். அதே கிரேக்கச் சொல் யோவான் 4:6இலும் வருகிறது. அங்கே அது யாரைக் குறிக்கிறது? இயேசுவையே. நடந்து நடந்து இளைத்துப்போய், நடுப்பகலில் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்துவிடுகிறார். மாற்கு 4இல் புயல் அடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்ல உங்கள் அண்ணனுக்கு மனம் வருமா?

தீர்க்கதரிசி எலியாவையும் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டுகிறான், நான் தட்டியதுபோல அல்ல. தழலில் சுட்ட அடை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தடவை வந்து எழுப்பும்போதும் சாப்பாடுதான், ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்ற ஒரு வார்த்தையோடு. ஏன் ஜெபிக்கவில்லை என்று ஒரு கேள்வி கிடையாது.

எழுத்து மட்டும்தான் தெரிகிறது என்கிறீர்கள். தெரியாமல் போகட்டும். மத்தேயு 25இல் ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்று ராஜாவாக வரும் இயேசு சொல்லும்போது, அந்த நீதிமான்களும் ‘உம்மை எப்பொழுது கண்டோம்?’ என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. நான்கு வருடமாக நீங்கள் யாருக்குத் தலைவாரிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்கிறீர்கள். நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது அவரிடம் “இன்று ராத்திரி நீங்கள் இருங்கள்” என்று கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. என் தங்கையும் கேட்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்கவே முடியாமல் போனபோதுதான், அம்மாவின் கடைசி மாதத்தில், நான் ஓர் இரவு தங்கினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விடிகிற நேரத்தில் ஜெபிக்க முழங்கால்படியிட்டேன். “ஆண்டவரே” என்றது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தங்கை வந்து எழுப்பியதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் ஆமென் சொன்னதும் அவரைப் பிடித்து உட்காரவையுங்கள். மருந்து எத்தனை மணிக்கு, மாற்று விரிப்பு எந்த அலமாரியில், அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்காது, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். பிறகு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். ஜெபிக்காமல் தூங்கினாலும் பரவாயில்லை. மறுநாள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.