சனிக்கு ஒரு நாள் எவ்வளவு?

கேள்வி: ஐயா, என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் சனிக் கோளின் ஒரு நாள் 10 மணி 39 நிமிடம் என்று இருக்கிறது. மகள் செல்போனில் பார்த்துவிட்டு 10 மணி 33 நிமிடம் என்கிறாள். சனியின் வேகம் கூடிவிட்டதா?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: மகள் சொல்வதுதான் சரி, அம்மா. ஆனால் சனியின் வேகம் கூடவில்லை. எதைக் கடிகாரம் என்று நம்பினோமோ அது கடிகாரமே இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது முட்டத்தில். இரவில் வள்ளத்தில் போகும் என் அப்பா, தூரத்தில் வெளிச்சம் வந்து மறையும் இடைவெளியை மனசுக்குள் எண்ணி, 'இது நம்ம முட்டம் விளக்கு' என்று உறுதி செய்துகொள்வார். கோள்களையும் இப்படித்தான் எண்ணினார்கள். சனியில் கால் வைக்கத் தரை கிடையாது. மேகங்களும் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடுகின்றன. அதனால் அதன் காந்த மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ அலை கூடிக் குறையும் இடைவெளியைக் கணக்கில் எடுத்தார்கள். 1980, 81-இல் வாயேஜர் விண்கலங்கள் தந்த கணக்கு 10 மணி 39 நிமிடம் 24 விநாடி.

வியாழனுக்கு இந்த வழி அருமையாகப் பொருந்துகிறது. அதன் காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. கோள் சுற்றச் சுற்ற அலையும் கலங்கரை விளக்கு போல வந்து வந்து போகும், 9 மணி 55 நிமிடம் 30 விநாடிக்கு ஒரு முறை. (20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிற்றலை வானொலியில் பிடித்தால் அது கரையில் கடல் அலை அடிப்பது போலவே கேட்கும்!)

சனியிலோ இரண்டு அச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் விளக்கு போலச் சுற்றிவரும் சாய்வு அங்கே இல்லை. 2004-இல் காசினி விண்கலம் போய்ச் சேர்ந்தபோது ரேடியோ அலைத் துடிப்பின் இடைவெளி 10 மணி 45 நிமிடத்தையும் தாண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கோள் இருபது சொச்சம் வருடத்தில் 6 நிமிடம் தளர்ந்துபோக வழியே இல்லை. அப்புறம் பார்த்தால் வடக்குக்கு ஒரு துடிப்பு, தெற்குக்கு ஒரு துடிப்பு. இரண்டும் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருந்தன. மேல் வளிமண்டலத்துக்கும் காந்த மண்டலத்துக்கும் இடையே ஓடும் மின்னோட்டங்களோடு சேர்ந்த துடிப்பு அது. கோளின் உள்ளே நடக்கும் சுழற்சியை அது காட்டவில்லை. விளக்கின் கணக்கு மாறினால் முட்டத்துப் பாறை நகர்ந்துவிட்டது என்றா சொல்வோம்?

கடைசியில் கைகொடுத்தவை வளையங்கள். கோளின் உள் அதிர்வுகள் வளையத்தில் எழுப்பும் மெல்லிய அலைகளை அலசி, 2019-இல் 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்று கணித்தார்கள். மகள் பார்த்தது அதைத்தான். பழைய புத்தகத்தைப் போட்டுவிடாதீர்கள். 'இது ரேடியோ துடிப்பின் கணக்கு' என்று ஓரத்தில் மகளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.