இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை: சேலம் பெற்றோர் கேட்டதும் என் பதிலும்

சேலத்தில் 20 வருடமாகக் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக இருக்கிறேன். காலை டிபனில் சேரும் சர்க்கரையைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று நம் பெற்றோர் குழுவில் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஒரு அப்பா): பையனுக்கு ஐந்து வயது. இட்லி, தோசை எது வைத்தாலும் சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிடுகிறான். சட்னியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நாங்கள் தறி ஓட்டுகிறவர்கள், காலையில் அவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை அக்கா?

பதில்: முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,350 கலோரி வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி. அப்படியானால் 34 கிராம் உச்ச வரம்பு, 17 கிராம் நல்ல அளவு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்றரை ஸ்பூன். இது காலைக்கு மட்டும் இல்லை, படுக்கப்போகும் வரைக்கும் சேர்த்து.

இட்லிக்குத் தொடும் ஒரு ஸ்பூனைப் பார்த்து நான் பயப்படவில்லை. இனிப்பு இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று நாக்குப் பழகிவிடுகிறதே, அதுதான் என் கவலை. ஐந்து வயதில் பழகியது பத்து வயதில் இன்னும் கெட்டிப்படும். ஆனால் அதை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அழுகை, அழுகைக்குப் பிறகு பிஸ்கட், கடைசியில் சர்க்கரை கூடித்தான் போகும்.

நான் வழக்கமாகச் சொல்வது இது. தட்டில் ஓர் இட்லியைச் சர்க்கரையோடு வையுங்கள், சண்டை வேண்டாம். இன்னொன்றைச் சின்னத் துண்டுகளாக்கி நல்லெண்ணெயும் எள்ளுப் பொடியும் பிரட்டி, காரமே இல்லாமல் பக்கத்தில் வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். புது ருசி ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து தடவை, சில சமயம் பதினைந்து தடவைகூட ஆகும். நாம் மூன்றாவது நாளே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். எள்ளு பழகினதும் மிளகாய் குறைத்து அரைத்த நிலக்கடலைச் சட்னி. அதன் லேசான தித்திப்பு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். கண்ணில் படாதது பாதி மறந்துபோகும்.

கேள்வி (அழகாபுரம், ஒரு அம்மா): நான் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். மாமியார் சத்துமாவுக் கஞ்சியில் மூன்று கரண்டி நாட்டுச் சர்க்கரை போடுகிறார். கேட்டால், 'இது உடம்புக்கு நல்லது, நான் என்ன விஷமா கொடுக்கிறேன்' என்று வருத்தப்படுகிறார்.

பதில்: இந்தக் கேள்வி மட்டும் ஏழெட்டு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் பிள்ளை சாப்பிடும் ஒரு ஸ்பூனில் வருவது சொற்பம். அந்த மூன்றரை ஸ்பூன் கணக்கில் இவையும் அடக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் காய்ச்சும் வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு ஏலத்துக்கு வருகிறது. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சியது, வெளிர் மஞ்சள் நிறம் வர ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டது என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் பிடிக்கும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லா ஆலையும் அப்படி இல்லை. ஆனால் பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தேடி வாங்காதீர்கள். கருத்த பழுப்பு நிறமே மேல்.

மாமியாரிடம் எப்படிப் பேசுவது? 'குறையுங்கள்' என்று சொன்னால் பேரனிடம் அவர் காட்டும் பாசத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடும். அதற்குப் பதில், 'அத்தை, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்களில் பெரும்பாலோர் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, பழைய சோறு என்றுதான் சொல்வார்கள். உப்பு, மோர், சின்ன வெங்காயம். வெல்லம் நோன்புக்கும் பொங்கலுக்கும்தான் கையில் வந்தது. தினமும் இனிப்பாகக் காலை தொடங்குவது நம் பழக்கமே இல்லை, சென்ற ஒன்றிரண்டு தலைமுறையில் டப்பாவிலும் புட்டியிலும் வந்து சேர்ந்தது. அந்தக் கூழை உங்கள் கையால் பேரனுக்குக் கரைத்துக் கொடுங்கள் என்று அவரிடமே பொறுப்பை விடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வளரும் எலும்புக்கு இதைவிட மலிவாக வேறு என்ன கிடைக்கும்?

அப்புறம், அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. அதைக் காய்ச்சுகிறவர்கள் மேலே ஒரு சிட்டிகைகூடப் போட வேண்டாம்.

கேள்வி (கொண்டலாம்பட்டி, ஒரு அம்மா): பாப்பா ஒல்லியாக இருக்கிறாள். காலையில் டிபன் சாப்பிடாவிட்டாலும் ஹெல்த் டிரிங்க் குடித்துவிடுகிறாள். அது போதுமா?

பதில்: போதாது. உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே கிடையாது. அந்தப் பெயருக்குக் கீழே இவற்றை வைக்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தகத் துறை இணையக் கடைகளுக்குச் சொன்னது. டப்பாவைத் திருப்பி, 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். 100 கிராம் தூளில் 30 கிராம் உள்ளவையும் விற்கின்றன. இரண்டு பெரிய ஸ்பூன், அதாவது 20 கிராம் தூள் கலந்தால் 6 கிராம். ருசிக்கு நீங்கள் போடும் ஒரு ஸ்பூன் 5 கிராம். கூடவே ஜாம் தடவிய ரொட்டி என்றால் இன்னும் 12 கிராம். பள்ளி வேன் வருவதற்கு முன்பே 23 கிராம் ஆகிவிட்டது!

அவள் டிபன் சாப்பிடாததற்குக் காரணமே அந்தத் தம்ளராக இருக்கலாம். எழுந்ததும் வயிறு நிறையப் பால் குடித்த பிள்ளைக்கு அரை மணியில் எப்படிப் பசிக்கும்? பாலை மாலைக்கு மாற்றுங்கள். வெறும் பாலிலேயே இயற்கையாக இனிப்பு இருக்கிறது, அது இந்தக் கணக்கில் சேராது. காலையில் முட்டை தோசை, நெய் விட்ட பருப்பு சாதம், வேகவைத்த நிலக்கடலை. எடை இவற்றில் ஏறும். இரண்டு மாதத்தில் மாற்றமே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாலில் சர்க்கரை போடும் தவறு என் வீட்டிலேயே நடந்தது. என் மகளுக்கு மூன்று வயதில் மேல் முன்பற்கள் நான்கும் சொத்தை. இரவில் சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் கொடுத்தே தூங்கவைத்தேன். உணவியல் படித்தவள் நான், களைப்பில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. பல் வலியில் அவள் அழுத இரவுகளை மறக்க முடியாது. அதனால் உங்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் புட்டிப் பாலில் சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): ஒன்பது மாதக் குழந்தை. சர்க்கரைக்குப் பதில் மலைத்தேன் இரண்டு சொட்டு கஞ்சியில் விடலாமா? சுத்தமான தேன், எங்கள் கண் முன்னால் எடுத்தது.

பதில்: கூடாது கண்ணு. ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும், ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் போட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே தடுமாறும் அளவுக்குப் போகலாம். தேனின் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. சர்க்கரையும் இரண்டு வயதுவரை வேண்டாம். கஞ்சியில் மசித்த வாழைப்பழம் போதும்.

கேள்வி (ஆத்தூர்): உடம்பு சரியில்லாதபோது ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தோம். இப்போது தினமும் அதையே கேட்கிறான்.

பதில்: நம் ஊர்ப் பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே, புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதில் பாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்தால் அது பாயசம். வாரத்தில் ஒரு நாள் போதும், மற்றபடி பாசிப்பருப்பும் ஜவ்வரிசியும் சேர்த்து உப்புமாவாகக் கிளறுங்கள்.

கேள்வி (எடப்பாடி): அரசுப் பள்ளிக் காலை உணவில் கேசரி போட்டால் சாப்பிட விடலாமா?

பதில்: தாராளமாக. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது வெளியான பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார்தான் அதிகம். கேசரி வெள்ளிக்கிழமைக்கு மட்டும், அதுவும் கிச்சடியோடு. வாரம் ஒரு நாள், எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடும் இனிப்பை நான் தடுக்கமாட்டேன். பட்டினியாக வகுப்பில் உட்காருவதுதான் கெடுதல்.

கேள்வி (பலர்): சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை ஒரு இடத்தில் உட்காராமல் ஆட்டம் போடுமா? வயிற்றில் பூச்சி வருமா?

பதில்: இரண்டுமே இல்லை. சர்க்கரைக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று 1990-களில் கவனமாகச் சோதித்தார்கள், இருப்பதாகத் தெரியவில்லை. பூச்சி மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருவது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடவிடுங்கள். பிள்ளையைப் பயமுறுத்தப் பொய்க் காரணம் தேட வேண்டாம், பல் சொத்தை ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி (ஐந்து ரோடு): மகளின் சிபிஎஸ்இ பள்ளியில் 'சர்க்கரைப் பலகை' வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மாம்பழம்கூட வேண்டாம் என்கிறாள்.

பதில்: 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளை வைக்கச் சொன்ன பலகை அது. குளிர்பானத்திலும் நொறுக்குத்தீனியிலும் எவ்வளவு சர்க்கரை என்று காட்டுவது நல்ல வேலை. ஆனால் முழுப் பழத்தின் இனிப்பு அந்தக் கணக்கில் வராது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஜூஸாகப் பிழிந்தால்தான் வரும். மல்கோவா வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தோசைக்குப் பிறகு, பழத்தை அவள் எதிரிலேயே அரிந்து வையுங்கள். கொட்டையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.