ஊதினால் தெரியும் முகம்

அன்புள்ள ஐயா,

கொலம்பியக் கலைஞர் ஆஸ்கர் முன்யோஸின் ‘மூச்சு’ (1995) பற்றி எழுதியிருந்தீர்கள். பளபளக்கும் எஃகுத் தகடுகளில் இறந்தவர்களின் முகங்களைக் கிரீஸால் அச்சடித்த படைப்பு. கொல்லப்பட்டவரின் முகத்தை ஊதினால்தான் தெரியும்படி ஒளித்துவைப்பது வெறும் வித்தை இல்லையா? பிணத்தை அப்படியே காட்டும் செய்திப்படம்தானே நேர்மை? என்றாலும் கல்லூரியில் நாங்களும் எவர்சில்வர் தகட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கிரீஸால் ஒரு படம் அடித்துப் பார்த்தோம். காலையில் ஊதாமலே முகம் தெரிந்தது. மதியம் ஊதியும் எதுவும் மாறவில்லை. எங்கே பிசகு?

ச., சென்னை

அன்புள்ள ச.,

பிசகை முதலில் பார்ப்போம். ஊதாமலே தெரிகிறதென்றால் கிரீஸ் அதிகம். சாய்ந்த வெளிச்சத்தில்கூடக் கண்ணுக்குப் படாத மெல்லிய படலம் போதும். ஸ்கிரீனுக்கு நெருக்கமான மெஷ் (வலைத்துணி) எடுத்து, வீண்தாளில் இரண்டு மூன்று முறை அடித்து, ஸ்கிரீனில் மிச்சமிருப்பதைத் தகட்டில் ஒரே இழுப்பாக இழுங்கள். அதற்குமுன் தகட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கைரேகையும் எண்ணெய்தான், ஊதும்போது முகத்தோடு அதுவும் எழும். நேர்ப்படமா எதிர்ப்படமா (வெளிச்சமும் இருளும் இடம்மாறிய நெகட்டிவ்) என்பதைச் சிறு துண்டில் இரண்டையும் அடித்து ஊதிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மதியச் சிக்கல் வேறு. மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி, ஈரம் நிறைந்தது. தகடு அதைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் ஆவி படியும். ஏசி இல்லாத அறையில் சென்னை மதியத்தில் தகடும் 33, 34க்கு வந்துவிடும், பிறகு எங்கே படிவது? அறையை 24இல் வையுங்கள். ஆனால் ஏசிக் காற்று தகட்டில் நேராக அடிக்கக் கூடாது. அடித்தால், கதவு திறந்ததும் வெளிக்காற்றின் ஈரமே படிந்து யாரும் ஊதாமல் முகம் வந்து நிற்கும். மெல்லிய தகடும் வேண்டாம்; நாலைந்து பேர் ஊதியதுமே சூடேறிவிடும்.

இனி வித்தை விஷயம். முன்யோஸ் எடுத்தவை செய்தித்தாளின் கண்ணீர் அஞ்சலிப் படங்கள். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று படைப்பு சொல்வதில்லை. ராணுவம், கெரில்லாக்கள், துணைப்படைகள், போதைக் கும்பல்கள் என எல்லாரும் கொன்றுகொண்டிருந்த நாட்டில் பிணப்படத்துக்கா பஞ்சம்? சுமார் 20 செ.மீ. வட்டத் தகடு கண்மட்டத்தில் தொங்குகிறது. முதலில் தெரிவது உங்கள் முகம். ஊதினால் அது மங்கி, இறந்தவர் வருகிறார். சில நொடிகள்தான். செய்திப்படம் நீங்கள் பக்கத்தைத் திருப்பினாலும் அங்கேயே இருக்கும். இங்கே நீங்கள் மூச்சு விடாவிட்டால் அவர் இல்லை. அதனால்தான் கிரீஸின் கனத்தில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன். முகம் தானாகத் தெரிந்துவிட்டால் உங்கள் கேள்வி நியாயமாகிவிடும்.

தகட்டுக்குக் காசில்லையென்றால் அவருடைய ‘வாழ்க்கை வரலாறுகள்’ (2002) என்ற வீடியோப் படைப்பின் வழியில் போகலாம். வாஷ்பேசினில் நிற்கும் நீரின்மேல் கரித்தூளால் முகம். நீர் வடிய வடிய முகம் கோணி, சுருங்கி, துளைக்குள் போகிறது. பிறகு பின்னோக்கி ஓடித் திரும்பக் கூடுகிறது. ஸ்கிரீனை நீருக்குச் சற்று மேலே பிடித்து, நன்றாகச் சலித்த காய்ந்த தூளைத் தட்டுங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. பேசினில் சோப்பு மிச்சம் இருந்தால் நீரின் மேற்பரப்பு தூளைத் தாங்காது, மூழ்கிவிடும். பெரும்பாலும் கெடுவது இதில்தான். கேமராவை நேர் மேலே நிறுத்துங்கள், விளக்கு பக்கத்திலிருந்து வரட்டும்.

யாருடைய படமானாலும் குடும்பத்தாரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்கப் போகும்போது உங்களில் ஒருவர் முகம் அடித்த தகட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்களே ஒருமுறை ஊதிப் பார்க்கட்டும்.