நான் பாடம் நடத்துவதை யாருமே பார்க்க மாட்டார்களா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். வயது 38. பி.ஏ. வரலாறு, பி.எட். முடித்து, 2017 இல் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினேன். இன்றுவரை அழைப்பு இல்லை. தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் அனுபவத்துக்கு மதிப்பே கிடையாதா? ஆறு லட்சம் கொடுத்தால் மேலே பேசி முடிக்கலாம் என்கிறார் சின்ன மாமனார். ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாகச் சேரச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எதிர்பார்க்கும் அழைப்பு வரப்போவதில்லை. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149 தகுதித் தேர்வையும் நியமனத்தையும் பிரித்துவிட்டது. தேறியவர்களும் நியமனத்துக்கென்று தனியாகப் போட்டித் தேர்வு எழுதியாக வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அது 2024 பிப்ரவரியில் நடந்தது. எழுதியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அழைப்புக்குக் காத்திருந்தே தவறவிட்டீர்கள் போலும். போகட்டும். ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்த தகுதிச் சான்று 2021 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். வயது வரம்பும் பொதுப் பிரிவுக்கே 53.

அனுபவத்தைப் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. தனியார் பள்ளியில்கூட வேலை கொடுக்கும் முன் ஒரு வகுப்பை நடத்திக் காட்டச் சொல்வார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் உங்கள் குரலைக்கூடக் கேட்காது. விடைத்தாளில் நீங்கள் கருப்பாக்கிய வட்டங்களை இயந்திரம் படிக்கும். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. பிறகு 69 சதவீத இட ஒதுக்கீட்டின் இனச்சுழற்சிப்படி, அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசைப்படி, பட்டியல். நேர்முகத் தேர்வே இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சியைக் கதையாகச் சொல்லத் தெரிந்தவரும், பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தவரும் அங்கே ஒன்றுதான். இது குறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நேர்முகத்துக்கு என்று இருபது மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகும்? உங்கள் சின்ன மாமனாரின் ஆறு லட்சத்துக்கு அன்றே ஒரு விலாசம் கிடைத்துவிடும். பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பெண்கள் இத்தனை பேர் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருப்பதற்கு, முகம் பார்க்காத இந்த முறைக்கும் பங்குண்டு. அதனால் குறையோடு இதையே நான் ஆதரிக்கிறேன். இதிலும் யாரும் கைவைத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 இல் நடந்த பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் மதிப்பெண்கள் திருத்தப்பட்டது வெளியே வந்து, மறு ஆண்டு தேர்வே ரத்தானது; கைதுகளும் நடந்தன. ஒழுங்காக எழுதியவர்களின் உழைப்பும் சேர்ந்தே போயிற்று. மாமனாரிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். 'தேர்வு எழுதிப் பார்க்கிறேன் மாமா' என்று சொல்லி முடித்துவிடுங்கள். நகையை மட்டும் அடகுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அறிவிப்பு வரும்வரை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை தமிழ் வழியில் படித்தவரா? அப்படியானால் உங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதற்குப் படித்த ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்க வேண்டும். கல்லூரியில் எளிதாகக் கிடைக்கும். தொடக்கப் பள்ளியில்தான் சிக்கல். முப்பது ஆண்டுக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கும், பள்ளியே வேறொன்றுடன் இணைக்கப்பட்டிருக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் விண்ணப்பத்தின் கடைசி நாள் தாண்டிவிடும். இந்த மாதமே போங்கள்.

படிப்பில் ஓர் எச்சரிக்கை. 2024 தேர்வில் கட்டாயத் தமிழ்ப் பகுதிக்கு 50 மதிப்பெண். அதில் 20 எடுக்காதவர்களின் பாடத் தாள் மதிப்பிடப்படவில்லை. தமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

தற்காலிகப் பணிக்கு 2022 இல் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அறிவித்து, பிறகு உயர்த்தினார்கள். இப்போது வாங்குவதைவிட அது அதிகமாக இருந்து, மாலையில் படிக்க நேரமும் கிடைக்குமானால் சேரலாம். நிரந்தர ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்துவிட்டால் நீங்கள் விலக வேண்டியதுதான். பின்னால் பணி நிரந்தரம் ஆகும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தால், நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். அது அவர் கையில் இல்லை.