வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால்...

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருக்கிறேன். தலைமைச் சண்டையில் கட்சி இரண்டாகிவிட்டது. ஆதரவுப் பிரமாணப் பத்திரத்துக்கு என்று வெற்று முத்திரைத்தாளில் ஒரு தரப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது எதிர்த்தரப்பும் கேட்கிறது. போட்டால் சிக்கல் வருமா?

பதில்: வரும், போடாதீர்கள். இரு தரப்புக்கும் சத்தியம் செய்தால் ஒன்று பொய்யாகிவிடும். பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம்.

உங்கள் கையெழுத்தில்தான் சின்னமே இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். 1968 சின்னங்கள் ஆணையின் 15-வது பத்திப்படி எது உண்மையான கட்சி என்று முடிவு செய்வது தேர்தல் ஆணையம். அது முக்கியமாக எண்ணுவது எம்.பி., எம்.எல்.ஏ., பொதுக்குழுத் தலைகளை. 2017 மார்ச்சில் முடங்கிய இரட்டை இலை நவம்பரில் திரும்பி வந்ததும் அந்தக் கணக்கில்தான். தொண்டர்களின் பத்திரங்களும் கட்டுக்கட்டாக டெல்லிக்குப் போனது வேறு கதை.

கட்சியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது தேர்தலில் போதிய ஓட்டோ இடமோ வாங்கி அங்கீகரிக்கப்பட்ட கட்சியா, வெறும் பதிவு பெற்ற கட்சியா என்று முதலில் பாருங்கள். 15-வது பத்தி அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு மட்டும்தான். பதிவோடு நிற்கும் கட்சி உடைந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் அங்கீகாரம் இருந்து பிறகு இழந்த கட்சியும் இதில் சேரும். அங்கே வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வருவதற்குள் இரண்டு தேர்தல் முடிந்துவிடும்.

எனக்குக் கவலை உங்கள் கட்சியைப் பற்றியல்ல, பத்திரம் சேர்க்க ஊருக்குள் வரும் புரோக்கரைப் பற்றி. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் ஆள் பிடிப்பவர்கள் உண்டு. வெற்றுத்தாளில் நாளைக்குக் கடன் பத்திரம் எழுதினாலும் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து. நோட்டரி முன்னால் நேரில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆளையே பார்க்காமல் கட்டாக முத்திரை குத்தும் நோட்டரிகளை யார் கேட்கிறார்கள்?

கொடுத்த தாளைத் திருப்பிக் கேளுங்கள். தாள் எண்ணும், பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவர் எழுதிய தேதியும், வாங்கியவர் பெயரும் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால், 'வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து என்னைக் கட்டுப்படுத்தாது' என்று ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பி, நகலோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆதார் நகலும் கேட்பார்கள், தராதீர்கள்.