மென்சுவை சீஸ்: கேள்வி பதில்

கே: சீஸ் சாப்பிட்டுப் பழக்கமே இல்லாத நாலு பேருக்குப் பரிமாற வேண்டும். எதில் தொடங்கலாம்?

ப: மூன்று வகை போதும்: தண்ணீரில் போட்டு விற்கும் புது மொசரெல்லா, இளம் கௌடா, ஹவார்ட்டி. முதலாவதில் பால் சுவை, இரண்டாவதில் மெல்லிய இனிப்பு, மூன்றாவதில் வெண்ணெய் வாசம். வித்தியாசம் தெரியும், எதுவும் முகத்தைச் சுளிக்க வைக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் மூன்றும் சேர்த்து ஆளுக்கு 50 கிராம். சீஸும் ரொட்டியுமே சாப்பாடு என்றால் 100 கிராம். மொசரெல்லாவை முதலில் கொடுங்கள். மற்றதைச் சாப்பிட்ட நாக்குக்கு அது சப்பென்று இருக்கும். கூடவே உப்பில்லாத பிஸ்கட், ஆப்பிள் அல்லது பேரிக்காய். ஒவ்வொரு சீஸுக்கும் தனிக் கத்தி வையுங்கள்.

கே: கௌடா சாதுவானது என்று கேள்விப்பட்டு வாங்கினேன். கெட்டியாக, உப்பாக, நாக்கைக் கடிக்கிறது. நடுவில் வெள்ளையாக நறநறவென்று ஏதோ இருக்கிறது. கெட்டுப்போனதா?

ப: கெடவில்லை, முதிர்ந்த கௌடாவை வாங்கிவிட்டீர்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வயதைப் பார்த்து வாங்குங்கள். நெதர்லாந்தில் நாலு வாரம் ஆனதை 'யோங்' என்றும், நாலு மாத அளவில் இருப்பதை 'பெலேகன்' என்றும், பத்து மாதத்தைத் தாண்டியதை 'ஔட்' என்றும் சொல்கிறார்கள். மூன்றும் கௌடாதான். நாளாக ஆக நீர் வற்றி உப்பு செறிகிறது. புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. நறநறப்பது பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம்.

இளசாக இருக்கும்போது கௌடா ஏன் இனிக்கிறது என்றால், செய்முறை அப்படி. பால் திரிந்து கட்டியான பிறகு, பிரிந்த நீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். பாலின் சர்க்கரையான லாக்டோஸில் கொஞ்சம் அதோடு போய்விடும். பாக்டீரியாவுக்குத் தீனி குறைந்தால் புளிப்பும் குறையும். எடம், ஹவார்ட்டி, கோல்பி என்ற சீஸ்களும் நீர் ஊற்றிக் கழுவப்படுபவைதான். செடாரைக் கழுவுவதில்லை, அதனால் இளம் செடாரில்கூட ஒரு புளிப்பு நிற்கும். வாங்குவதானால் 'மைல்ட்' என்று போட்டதை, இரண்டு மூன்று மாத வயதில் வாங்குங்கள். ப்ரோவலோனே என்ற இத்தாலிய சீஸில் 'டோல்ச்சே' வகை சாது. காரமான 'பிக்காந்தே' வகை இப்போதைக்கு வேண்டாம்.

கே: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். மெழுகு மாதிரி இருந்தது, ருசியே இல்லை.

ப: குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசம் வெளியே வராது. கௌடா, ஹவார்ட்டி வகையை 30 முதல் 45 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மொசரெல்லாவுக்குக் கால் மணி நேரம் போதும். எடுத்தவுடன் வெட்டிவிடுங்கள், குளிரில்தான் துண்டு சுத்தமாக விழும். வெட்டியதை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து வியர்க்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம்.

கே: நான் சைவம். எதைப் பார்த்து வாங்குவது?

ப: பொருள் பட்டியலில் ரென்னெட். பாலைத் திரிய வைக்கும் இது, பழைய முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து வருவது. 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிடேரியன் ரென்னெட்' என்று எழுதியிருந்தால் வாங்கலாம். வெறும் 'ரென்னெட்' என்றிருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற கெட்டியான இத்தாலிய சீஸுக்குக் கன்றின் ரென்னெட்டே விதி, அதில் சைவம் கிடையாது.

கே: மஞ்சள் செடார் நல்லதா, வெள்ளையா?

ப: மஞ்சள் என்பது அனாட்டோ என்ற செடியின் விதையிலிருந்து எடுத்த நிறம். ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். சாப்பிடலாமா?

ப: டாக்டரிடம் கேளுங்கள். இதை இங்கே தீர்மானிக்கக் கூடாது.

கே: பிரீ என்ற மென்மையான பிரெஞ்சு சீஸின் வெள்ளைத் தோலை உரித்துவிட வேண்டுமா?

ப: அது தின்னக்கூடிய பூஞ்சை, பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கௌடா, எடமின் மெழுகை மட்டும் கட்டாயம் நீக்குங்கள். பிரீயில் அம்மோனியா நெடி தூக்கலாக இருந்தால் கனிந்து மீறிவிட்டது என்று அர்த்தம், புதியவர்களுக்கு வைக்காதீர்கள்.

கே: அக்கா, சாது என்றால் தாளில் சுற்றி வரும் ஸ்லைஸ்தானே? எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு?

ப: உருக்குவதற்கு அது சரி. ருசி பழக உதவாது, எல்லா ஸ்லைஸும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

கே: அதைச் சீஸ் என்று சொல்வதே தப்பு. பிளாஸ்டிக்கைத்தான் தின்கிறோம்.

ப: பிளாஸ்டிக் அல்ல. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் எமென்டால் என்ற சுவிஸ் சீஸைச் சிட்ரேட் உப்போடு (எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்பு) சூடாக்கி, நெடுநாள் கெடாத சீஸைச் செய்தார்கள். அமெரிக்காவில் கிராஃப்ட் என்பவர் இதுபோன்ற சீஸுக்குக் காப்புரிமை பெற்றது 1916-இல். மூலப்பொருள் அசல் சீஸ்தான்.

கே: உருகும்போது எண்ணெய் பிரிவதே இல்லையே! ரசாயனம் என்பதற்கு அதுவே சாட்சி.

ப: சாட்சிதான், ஆனால் நீங்கள் நினைப்பதற்கு அல்ல. சீஸில் கேசின் என்ற புரதத்தைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது கால்சியம். அதிகம் சூடேறினால் புரதம் சுருங்கி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. அவிழ்ந்த கேசின் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோன்டுவில் ஒயினும் எலுமிச்சையும் சேர்ப்பதும் ஓரளவு இதற்காகத்தான், அதை யாரும் பிளாஸ்டிக் என்பதில்லை. உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு: சில பொட்டலங்களில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கிறது. பட்டியலில் முதல் பொருள் சீஸா என்று பாருங்கள். இல்லையென்றால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

கே: புதியவர்களுக்கு எந்த சீஸ் நல்லது?

ப: முதல் கேள்வியின் பதில்.

கே: எத்தனை நிமிடம் வெளியே வைக்க வேண்டும்?

ப: 30 முதல் 45, மொசரெல்லாவுக்குக் கால் மணி நேரம். மேலே இருக்கிறது, படியுங்கள்.

கே: மிச்சத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

ப: கெட்டியான சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றிலும் அடியிலும் 2.5 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி எறியுங்கள், கத்தி பூஞ்சையைத் தொடக்கூடாது. மொசரெல்லா, ரிக்கோட்டா போன்ற ஈரமானவையும் துருவியதும் முழுசாகக் குப்பைக்கு. இனிமேல் மெழுகுத்தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

கே: அந்த சிட்ரேட் விஷயத்தை வீட்டில் செய்ய முடியுமா? ஒருவரை ஸ்லைஸிலிருந்து மீட்க வேண்டும்.

ப: முடியும், உருகிய சீஸ் குழம்பாக வரும். பால் 250 மில்லி, சோடியம் சிட்ரேட் 10 கிராம், இளம் கௌடா அல்லது மைல்ட் செடார் 280 கிராம். பாலில் சிட்ரேட்டை முழுக்கக் கரைத்து, ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்குங்கள். தீயைக் குறைத்து, துருவிய சீஸை ஒரு கைப்பிடியாகச் சேர்த்துக் கிளறுங்கள். முதல் பிடி கரைந்த பிறகே அடுத்தது. கட்டியை வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், குழம்பு மணல் தட்டும். சிட்ரேட் கூடினால் சோப்பு ருசி வரும், தராசில் நிறுத்துப் போடுங்கள்.