போனில் வைஃபை வருகிறது, கணினியில் லேன் கேபிள் செருகினால் மட்டும் நெட் வரவில்லை. என்ன செய்வது?

உங்கள் கேள்வியில் இருப்பது இதுதான்: புது ஃபைபர் இணைப்புக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது, போனிலும் டிவியிலும் வைஃபை ஒழுங்காக வருகிறது, மேசைக் கணினியில் லேன் கேபிளைச் செருகினால் மட்டும் 'நோ இன்டர்நெட்' என்கிறது, வந்து பார்த்தவர் "எங்க லைன் சரியா இருக்கு சார், உங்க சிஸ்டத்தை ஃபார்மட் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தயவுசெய்து ஃபார்மட் போடாதீர்கள். பல வருடமாகச் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கம், நண்பர்கள் வீடு என்று இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். கேபிளில் நெட் வராததற்கு விண்டோஸைத் துடைத்துப் போட்டால்தான் தீரும் என்று ஆன வீடு ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஆனால் இப்படி யாரோ சொன்னதை நம்பி ஃபார்மட் போட்டு, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த குழந்தைகளின் படங்களை மொத்தமாக இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போனில் வைஃபை வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தெருவிலிருந்து வரும் இழை, சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி (ஃபைபர் ரவுட்டர்), உங்கள் கணக்கு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. கோளாறு அந்தப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து உங்கள் கணினி வரைக்குமான சில மீட்டருக்குள் அடங்கிவிட்டது. அதற்குள் இருப்பது பெட்டியின் போர்ட், கேபிள், கணினியின் போர்ட், விண்டோஸ், அவ்வளவுதான். அடியிலிருந்து இதே வரிசையில் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் செட்டிங்ஸைத் திறந்து நாலு இடத்தில் கை வைத்துவிடுகிறார்கள், அப்புறம் எது பழைய கோளாறு, எது நாமே உண்டாக்கியது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

முதலில் விளக்கைப் பாருங்கள். கணினிக்குப் பின்னால் போன் டார்ச்சை அடித்து, கேபிள் செருகிய இடத்தின் இரண்டு ஓரத்தையும் கவனியுங்கள், பொட்டு அளவுக்குச் சின்ன விளக்குகள் இருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். எரிகிறதா, துடிக்கிறதா என்பதுதான் கேள்வி. வெள்ளைப் பெட்டியிலும் லேன் 1, லேன் 2 என்று எழுதிய விளக்குகள் இருக்கும், கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது அதில் ஒன்று அணைந்து எரிய வேண்டும்.

எரியவே இல்லையா? கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை மறுபடி செருகுங்கள். பழைய கேபிளில் அந்தக் கிளிப் உடைந்திருக்கும், பார்க்கச் செருகியது போலவே இருக்கும், ஆனால் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்து தொடர்பு விட்டுப்போயிருக்கும். பிறகு பெட்டியில் வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு வேறு கேபிள். பெட்டியோடு வந்த அட்டைக்குள் குட்டிக் கேபிள் ஒன்று பெரும்பாலும் கிடக்கும், கணினியைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கி வந்து அதைச் செருகிச் சோதிக்கலாம். தூக்குவது சிரமம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கேபிளா கணினியா என்பது தீர்ந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எல்லாம் மாற்றியும் விளக்கு எரியவில்லை என்றால், விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, ஆங்கில எழுத்தில் என்சிபிஏ.சிபிஎல் (ncpa.cpl) என்று அடித்து என்டர் தட்டுங்கள். அங்கே 'ஈதர்நெட்' (கேபிள் இணைப்புக்கு விண்டோஸ் வைத்த பெயர்) சாம்பல் நிறத்தில் 'டிஸேபிள்ட்' என்று கிடந்தால் ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். ஈதர்நெட் என்ற பெயரே அங்கு இல்லையென்றால் டிரைவர் (லேன் சிப்பை இயக்கும் மென்பொருள்) போயிருக்கலாம், மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து போனில் இறக்கி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு மாற்றிப் போட வேண்டும். அதற்கு முன் இன்னொன்றையும் செய்து பாருங்கள்: கணினியை ஷட்டவுன் செய்து, பவர் கேபிளையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கணினி அணைந்த பிறகும் லேன் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் வெறும் ரீஸ்டார்ட்டில் அது முழுதாக விழித்தெழாது, இப்படிச் செய்தால் சில நேரம் எழுந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் 'நோ இன்டர்நெட்' என்று காட்டுவதால் விளக்கு எரிகிறது என்றே நினைக்கிறேன். கேபிள் இணைப்பே இல்லையென்றால் விண்டோஸ் 'கேபிள் அன்ப்ளக்ட்' என்றுதான் சொல்லும். அதனால் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஐபி எண், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் முகவரி. சிஎம்டியைத் (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள், ஈதர்நெட் என்ற தலைப்புக்குக் கீழே ஐபிவி4 அட்ரஸ் (உங்கள் ஐபி), டிஃபால்ட் கேட்வே (பெட்டியின் முகவரி) என்று வரும். ஐபி 169.254 என்று ஆரம்பித்தால், உங்கள் கணினி முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்து, பெட்டியிலிருந்து பதிலே வராமல், தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணோடு வெளியே போக முடியாது. மறுபடி கேபிள், போர்ட், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுவது என்று கீழேதான் இறங்க வேண்டும்.

எண் 192.168 என்று வந்து, ஆனால் போனின் வைஃபை விவரத்தில் காட்டும் ஐபி எண்ணோடு மூன்றாவது பகுதி ஒத்துப்போகவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. சித்தப்பா வீட்டில் போன வருடம் இதுதான் நடந்தது. இணைப்பு மாற்றிய அன்றிலிருந்து கணினியில் நெட் இல்லை, இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐபிகான்ஃபிக் போட்டதும் 192.168.0.50 என்று வந்தது, போனில் பார்த்தால் 192.168.1.7. பழைய இணைப்பு போட்டவர் எப்போதோ ஐபியைக் கையால் அடித்து வைத்துவிட்டிருக்கிறார். புதுப் பெட்டியின் முகவரி 192.168.1.1, கணினி இன்னும் பழைய பெட்டியை 192.168.0.1-இல் தேடிக்கொண்டிருந்தது. மேலே சொன்ன என்சிபிஏ.சிபிஎல் ஜன்னலில் ஈதர்நெட்டில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4, அதில் ஐபி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்கலி' என்று மாற்றினேன். நெட் வந்துவிட்டது, சித்தி கொடுத்த காபி இன்னும் ஆறியிருக்கவில்லை. உங்களுக்கும் இணைப்பு மாறிய பிறகுதான் கோளாறு என்பதால் என் முதல் சந்தேகம் இதுதான்.

ஐபி சரியாக இருந்தும் நெட் வரவில்லையா? டிஃபால்ட் கேட்வேயில் காட்டிய எண்ணுக்கு பிங் அடியுங்கள் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை, அதே சிஎம்டியில்), உதாரணமாக பிங் (ping) 192.168.1.1. கேபிளில் பதில் ஒரு மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். வந்தால் வீட்டுக்குள் கேபிள் சரி. அப்புறம் பிங் 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். அதற்கும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ் கோளாறு, அல்லது பிரவுசரில் நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் ஏதோ ப்ராக்ஸி, விபிஎன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை, அதே நேரம் வைஃபையில் எல்லாம் ஓடுகிறது என்றால் அப்போது தாராளமாக இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பெட்டியை அமைக்கும்போது எந்தெந்த லேன் போர்ட்டுக்கு நெட் போக வேண்டும் என்று டிக் போடும் இடம் ஒன்று உண்டு, லேன் பைண்டிங் என்பார்கள். அதில் உங்கள் போர்ட் விடுபட்டிருந்தால் சரியாக இந்த அறிகுறிதான் வரும். "லேன் பைண்டிங்கைப் பாருங்க" என்று வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள், ஃபார்மட் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நெட் வந்த பிறகு வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கேபிள் பாதி செத்திருந்தாலும் நெட் வரும். என் வீட்டில் 200 எம்பிபிஎஸ் திட்டம், மாடி அறையில் கேபிளில் 94-ஐத் தாண்டவே இல்லை. மாதக்கணக்கில் இணைப்பு கொடுத்தவர்தான் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே என்சிபிஏ.சிபிஎல் ஜன்னலில் ஈதர்நெட்டை டபுள் கிளிக் செய்து பார்த்தால் ஸ்பீட் 100 என்று இருந்தது, 1 கிகாபிட் இருக்க வேண்டிய இடம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், ஒன்று தவறினாலும் பெரும்பாலான லேன் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் நுனியில் ஏழு கம்பிகளின் செம்புப் புள்ளி தெரிந்தது, கடைசியில் இருந்த பழுப்புக் கம்பி ஒரு மில்லி மீட்டர் உள்ளேயே நின்றுவிட்டது, தங்கப் பல் அதன்மேல் இறங்கவே இல்லை. வெட்டிவிட்டு வேறு கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) 1 கிகாபிட். (சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100 தான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கிரிம்ப் செய்பவரிடம் நிறவரிசையைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும், எந்த வரிசையா இருந்தா என்ன" என்று சொல்பவர்கள் உண்டு. போதாது. 3-ஆவதும் 6-ஆவதும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், அந்த முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. ஜோடி பிரிந்துவிட்டால் சாதாரண லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், இரண்டு மீட்டர் கேபிளில் நெட்டும் ஓடும், அதையே இருபது மீட்டருக்கு இழுத்தால் விட்டுவிட்டு வரும். டெஸ்டரில் எரிகிறதே என்று நம்பி மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருப்போம்.

கேபிள் மொட்டை மாடி வழியாகப் போகிறதா? அப்படியென்றால் முழுதும் நடந்து கையால் தடவிப் பாருங்கள். எதிர்வீட்டில் மழை பெய்தால் மட்டும் நெட் போகும், வெயில் அடித்தால் வந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அணில் கடித்து, உறை பிளந்து, செம்பு பச்சைப் பூத்துக் கிடந்தது. புதிதாக வாங்கும்போது ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுச் சரக்கு, நாலு முறை வளைத்தால் ஒடியும், சுவருக்குள் போடவே கூடாது.

இடி இடித்த மறுநாள் விளக்கு செத்திருந்தால் போர்ட்டே போயிருக்கலாம். மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை, யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். பழைய ரவுட்டரையும் இதே பெட்டியில் இணைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், இரண்டும் போட்டிபோட்டு ஐபி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

விளக்கு எரிகிறதா, ஐபிகான்ஃபிக்கில் வந்த எண் என்ன, போனில் காட்டும் ஐபி என்ன, கேட்வேக்கு பிங் போகிறதா, இந்த நாலையும் கமெண்டில் போடுங்கள். இரவு பார்த்துப் பதில் சொல்கிறேன்.